பழைய தூள் எங்கே போனது? ஒடுகத்தூர் கொல்லை மண்ணில் டி.டி.இ.: ஆய்வறிக்கையைப் படிக்க உதவுங்கள்

கொல்லைமேடு

எல்லாருக்கும் வணக்கம். ஒடுகத்தூர் பக்கம் எங்களுக்குத் தாத்தா வழி நிலம். மேலே மானாவாரிக் கொல்லை, கீழே கிணற்றுப் பாசனத்தில் கழனி. அப்பா இருந்தவரை மருந்தடித்துத்தான் விவசாயம். இப்போது நான் பார்க்கிறேன். கொல்லையில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டு செக்கில் எண்ணெய் ஆட்டி விற்கணும், கிணற்றடியில் இலவம்பாடி முள்ளுக் கத்திரி வைக்கணும், இரண்டுக்கும் இயற்கை விவசாயச் சான்று வாங்கணும். இதுதான் திட்டம்.

மண்வள அட்டை கையில் இருக்கிறது. தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், போரான் என்று 12 விஷயம் சொல்கிறது. பூச்சிமருந்து எச்சம் அதில் சேர்த்தி இல்லை. அதனால் ஒரு தனியார் ஆய்வகத்துக்குக் கொல்லை மண்ணைக் கொடுத்தேன். வந்த கணக்கு, ஒரு கிலோ மண்ணுக்கு மில்லிகிராமில்:

பாரா-பாரா டி.டி.இ. (DDE, டி.டி.டி. சிதைந்து வருவது) 0.042
பாரா-பாரா டி.டி.டி. (DDT) 0.006
பீட்டா எச்.சி.எச். 0.011
ஆல்ஃபா, காமா எச்.சி.எச். கண்டறியும் அளவுக்குக் கீழே
எண்டோசல்ஃபான் சல்ஃபேட் 0.008

இதில் ஒன்றைக்கூட நான் வாங்கி அடித்தது கிடையாது. அப்பா டி.டி.டி. அடித்ததாக அம்மாவுக்கும் ஞாபகம் இல்லை. பிறகு எப்படி வந்தது? எப்போது வந்தது? இந்த மண்ணில் விளைவதைச் சாப்பிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூத்தகழனி

தம்பி, உங்க தாத்தா காலத்துல எல்லாக் கொல்லையிலும் விழுந்ததுதான் அது. மல்லாட்டையில சிவப்புக் கம்பளிப்புழு ஊர்வலமா வரும். ஒரு கொல்லைய முடிச்சிட்டு அடுத்த கொல்லைக்கு வரப்பேறிப் போகும். அதுக்கு பி.எச்.சி. பத்து சதவீதத் தூள். மெல்லிசான துணியில மூட்டையாக் கட்டி, கழியில தொங்கவிட்டு, விடியக்காலை இலையில பனி இருக்கும்போதே தட்டிக்கினே போவோம். பனி இருந்தாத்தான் தூள் ஒட்டும். நெல்லுல பால் பிடிக்கிற நேரம் கதிர்நாவாய்ப்பூச்சி வந்தா அதுக்கும் அதே தூள்தான். மூக்குல துண்டு கட்டினவங்க பாதி, கட்டாதவங்க பாதி.

தூள் அதிகமா விழுந்த வருசத்து மல்லாட்டைய வறுத்தா ஒரு பூஞ்சை வாடை வரும். வாயில வச்சதுமே தெரியும். வியாபாரி விலையக் குறைப்பான்.

டி.டி.டி. கதை வேற. கொல்லையில அடிச்சவங்களும் உண்டு. ஆனா மலேரியாக்காரங்க வீடு வீடா வந்து சுவர்ல அடிச்சதுதான் எங்க ஊர்ல ஜாஸ்தி. மாட்டுக்கொட்டாய் சுவரையும் விடமாட்டாங்க.

வாயுப்பிரிகை

கொல்லைமேடு தம்பி, எச்சம் பார்க்கிற ஆய்வகத்தில் பல வருடம் வேலை செய்தவன், காட்பாடிக்காரன். உங்கள் அறிக்கையைச் செய்தவர்கள் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். மொத்தமாக 'டி.டி.டி. இருக்கிறது' என்று எழுதாமல் பிரித்துக் கொடுத்திருக்கிறார்களே, அதனால்தான் இதைப் படிக்கவே முடிகிறது.

முதலில் டி.டி.டி. கடையில் விற்ற டி.டி.டி. ஒரே பொருள் அல்ல. முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல் பாரா-பாரா வடிவம், ஏறக்குறைய 15 விழுக்காடு ஆர்த்தோ-பாரா வடிவம் (குளோரின் உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்து வந்த பேர்கள்), மிச்சம் வேறு சில. மண்ணில் விழுந்த பிறகு, காற்றோட்டம் உள்ள மேட்டு நிலத்தில் நுண்ணுயிர்களும் வெயிலும் சேர்ந்து அதை டி.டி.இ. ஆக்கும். தண்ணீர் கட்டிக் காற்றுப் புகாத சேற்றில் வேறு பாதை: குளோரின் ஒன்று கழன்று அங்கே ஹைட்ரஜன் உட்காரும். உங்களுடையது கொல்லை, அதனால் டி.டி.இ. நிற்கிறது. டி.டி.டி.யைப்போல ஏழு மடங்கு டி.டி.இ. இருந்தால் அது புதிதாக விழுந்தது இல்லை, பல காலம் மாறி மாறி வந்த மிச்சம். புதிதாக யாராவது அடித்திருந்தால் தாய்ப்பொருள்தான் மேலே நிற்கும். விவசாயத்தில் டி.டி.டி.க்கு 1989-இல் தடை வந்தது. சுகாதாரத் துறைக்கு மட்டும் விட்டுவைத்தார்கள், அதற்கும் ஆண்டுக்கு 10,000 டன் என்று வரம்பு போட்டு.

அடுத்தது எச்.சி.எச்., அதாவது பெரியவர் சொன்ன பி.எச்.சி. தூள். அதுவும் ஒரே சேர்மத்தின் பல வடிவங்கள் கலந்தது: ஆல்ஃபா 60 முதல் 70 விழுக்காடு, காமா 10 முதல் 15, பீட்டா 5 முதல் 12, டெல்டாவும் கொஞ்சம். பூச்சியைக் கொல்வது காமா மட்டும்தான். அதை மட்டும் பிரித்தெடுத்து விற்றால் அதன் பேர் லிண்டேன். உங்கள் மண்ணில் பூச்சியைக் கொன்ற காமாவும் இல்லை, அளவில் பெரிதாக இருந்த ஆல்ஃபாவும் இல்லை, சிறுபான்மையாக வந்த பீட்டா மட்டும் உட்கார்ந்திருக்கிறது. ஆறு குளோரினும் வளையத்தைச் சுற்றி அசையாமல் அமைந்த கட்டமைப்பு அதற்கு. ஆவியாவதும் குறைவு, நுண்ணுயிர் உடைப்பதும் கடினம். எனவே இது பி.எச்.சி. தூளின் மிச்சம், லிண்டேன் இல்லை. பி.எச்.சி. 1997 ஏப்ரலில் தடையானது. லிண்டேன் 2013 வரை இருந்தது.

எண்டோசல்ஃபான் சல்ஃபேட் கடைசிக் காலத்தது. புட்டியில் வந்தது ஆல்ஃபா, பீட்டா இரண்டும் கலந்த மருந்து. மண்ணில் அது சல்ஃபேட்டாக மாறித்தான் நீண்ட நாள் நிற்கும். காசர்கோடு முந்திரித் தோட்டத்து மக்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க நிறுத்தியது. உங்கள் அப்பா காலத்தில் கத்திரிக்கும் மல்லாட்டைக்கும் அடித்தது இதுவாக இருக்கும்.

ஆக, மூன்று தலைமுறை மருந்தும் அந்தப் பிடி மண்ணில் இருக்கிறது.

ஒன்று மட்டும் ஆய்வகத்தில் கேளுங்கள். டி.டி.இ.யை எலக்ட்ரான் பிடிப்புக் கருவியில் மட்டும் பார்த்தார்களா, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் உறுதிப்படுத்தினார்களா? எலக்ட்ரான் பிடிப்புக் கருவி குளோரினைக் கண்டால் பாயும், ஆனால் எந்தக் குளோரின் சேர்மம் என்று சொல்லாது. சேர்மங்களைப் பிரிக்கிற சில குழாய்களில் டி.டி.இ.யும் டையெல்ட்ரினும் ஒரே நேரத்தில் வெளியே வரும். கரையானுக்கு ஆல்ட்ரின் போட்ட நிலமாக இருந்தால் அது மண்ணில் டையெல்ட்ரினாக மாறி நிற்கும், அதையே டி.டி.இ. என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு.

சுவரெண்

மலேரியா பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பெரியவர் சொன்னது உண்மை. 1953-இல் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம், 1958-இல் ஒழிப்புத் திட்டம். சதுர மீட்டருக்கு ஒரு கிராம் டி.டி.டி. என்ற கணக்கில் வருடத்துக்கு இரண்டு சுற்று. அடித்த தேதியைச் சுவரில் எழுதிவிட்டு வருவோம். அந்த மருந்தால் எத்தனை குழந்தைகள் பிழைத்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதை விஷம் என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. சுவரில் அடித்ததுக்கும் கொல்லை மண்ணுக்கும் என்ன சம்பந்தம்? வீடு ஒரு பக்கம், கொல்லை ஒரு பக்கம்.

மூத்தகழனி

சம்பந்தம் இருக்குதுங்க ஐயா. அந்தக் காலத்து வீடெல்லாம் மண்சுவர். மழையில ஊறி இடிஞ்சாலோ புது வீடு கட்டினாலோ பழைய சுவர் மண்ண யாரும் தெருவுல கொட்டமாட்டோம். மாட்டு வண்டியில ஏத்திக் கொல்லைக்குத்தான் போகும். பழஞ்சுவர் மண்ணு பயிருக்கு நல்ல எருன்னு பெரியவங்க சொல்லுவாங்க. மாட்டுக்கொட்டாய் சுவர்னா இன்னும் விசேஷம், அதுல மாட்டு மூத்திரம் ஊறி இருக்கும். நீங்க அடிச்சது அந்தச் சுவர்லதான்.

தம்பி, உங்க பழைய வீட்டு மண்ணு எங்க போச்சுன்னு அம்மாவக் கேட்டுப் பாரு.

கொல்லைமேடு

கேட்டேன் ஐயா. மாட்டுக்கொட்டாயை இடித்த மண் கொல்லையின் கிழக்கு மூலையில்தான் பரப்பினார்களாம். புளியமரத்து ஓரம் என்று அம்மா உடனே சொன்னார். டி.டி.டி. என்ற பேர் அவருக்குத் தெரியாது, 'மலேரியாத் தண்ணி' என்றதும் ஞாபகம் வந்துவிட்டது.

எச்சம் சுவரிலிருந்து வந்ததா, கொல்லையில் அடித்ததா என்று அறிக்கையை வைத்துப் பிரிக்க முடியுமா, வாயுப்பிரிகை சார்?

வாயுப்பிரிகை

வேதியியலை வைத்து முடியாது. இரண்டும் ஒரே ஆலையில் வந்த ஒரே கலவை. ஆனால் இடத்தை வைத்துப் பிரிக்கலாம். நீங்கள் கொல்லை முழுக்கப் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து ஒரே மாதிரியாகக் கொடுத்திருப்பீர்கள். உரச் சத்துக்கு அது சரியான முறை. எச்சத்தைத் தேடும்போது கிழக்கு மூலையைத் தனியாக, மோட்டார் கொட்டாய் ஓரத்தைத் தனியாக, நடுக்கொல்லையைத் தனியாக எடுக்கணும். நடுக்கொல்லையில் ஒன்றுமில்லாமல் மூலையில் மட்டும் ஏறி நின்றால் சுவர். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் தூவியது.

சுவரெண் ஐயா, உங்கள் மருந்தின் மேல் பழி போட யாரும் வரவில்லை. அது போன வழியைத்தான் தேடுகிறோம்.

அங்காடி

வேலூரில் சின்னதாக இயற்கை விளைபொருள் கடை நடத்துகிறேன். கொல்லைமேடு தம்பியைப்போல வருகிறவர்களிடம்தான் எண்ணெயும் காய்கறியும் வாங்குகிறேன். எல்லாம் படித்தேன். ஆனால் என் வாடிக்கையாளர் கேட்பது ஒரே கேள்வி: தட்டுக்கு வருமா, வராதா? மண்ணில் 0.042 என்றால் கத்திரிக்காயில் எவ்வளவு? எண்ணெயில் எவ்வளவு? பழைய எச்சம், தானாகப் போய்விடும் என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். கடையில் கைக்குழந்தையோடு வந்து நிற்கிற பெண்ணுக்கு நான் பதில் சொல்லியாகணும்.

வாயுப்பிரிகை

நியாயமான கேள்வி அக்கா. எல்லாப் பயிருக்கும் ஒரே பதில் கிடையாது.

டி.டி.இ., பீட்டா எச்.சி.எச். மாதிரியானவை தண்ணீரில் கரைய மறுப்பவை, கொழுப்பைக் கண்டால் ஒட்டுபவை. வேர் வழியாகத் தண்ணீரோடு ஏறித் தண்டு தாண்டிக் காய் வரைக்கும் போவது கத்திரியில் மிகக் குறைவு. நெல்மணியிலும் அப்படித்தான். கத்திரியில் நான் பார்ப்பது மழைத்துளி தெறித்து அடிக்காயில் ஒட்டுகிற மண்ணைத்தான். மூடாக்கு போட்டாலே அது பாதி தீர்ந்தது, கழுவினால் மீதி. கேரட், முள்ளங்கி மாதிரி கிழங்குகள் மண்ணிலேயே கிடப்பதால் தோலில் பிடிக்கும், தோல் சீவினால் பெரும்பகுதி போய்விடும். சுரை, பூசணிக் குடும்பம் விதிவிலக்கு. அதிலும் சுக்கினி இனம் டி.டி.இ.யை மண்ணிலிருந்து உறிஞ்சிக் காய்க்கு ஏற்றுவதில் மற்ற எல்லாப் பயிரையும் மிஞ்சுகிறது. கிழக்கு மூலையில் எச்சம் இருப்பது உறுதியானால் அங்கே பூசணிக் குடும்பத்துக் கொடி எதையும் ஏற்ற வேண்டாம்.

எனக்குக் கவலை மல்லாட்டைதான். பூ மேலே, காய் கீழே. மண்ணுக்குள்ளேயே ஓடு கட்டி, மண்ணைத் தொட்டபடியே முற்றுகிறது. பருப்பில் பாதிக்குப் பாதி எண்ணெய். கொழுப்பு தேடுகிற எச்சத்துக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. பெரியவர் சொன்ன வறுத்த வாடை வந்ததற்குக் காரணமும் இதுதான்.

செக்கில் ஆட்டும்போது எச்சம் பிண்ணாக்கில் தங்காமல் பெரும்பாலும் எண்ணெயோடு வரும். ஆலையில் சுத்திகரிக்கும்போது வாடை நீக்குவதற்காக 200 டிகிரிக்கு மேல், வெற்றிடத்தில், நீராவி விட்டு எண்ணெயைச் சூடாக்குவார்கள். டி.டி.இ., எச்.சி.எச். மாதிரியான குளோரின் மருந்து எச்சம் அந்த ஆவியோடு போய்விடும். செக்கெண்ணெய்க்கு அந்தக் கட்டம் இல்லை. நாம் விரும்பி வாங்குகிற அதே காரணத்தால் உள்ளே இருப்பது அப்படியே நிற்கும். அதனால் அக்கா, மண்ணின் கணக்கை வைத்து எண்ணெயை ஊகிக்காதீர்கள். முதல் அறுவடைப் பருப்பிலும் எண்ணெயிலும் நேரடியாகப் பார்க்கச் சொல்லுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் தனி வரம்பு குறிக்காத மருந்து-பயிர்ச் சேர்க்கைக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மி.கி. என்று வைத்திருக்கிறார்கள். அதுவே உங்களுக்கு அளவுகோலாக இருக்கட்டும்.

இன்னொரு வழியும் உண்டு: பால். மல்லாட்டைக் கொடியும் வைக்கோலும் மாட்டுக்குப் போகிறது. 1993-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஆய்வில், பல மாநிலங்களில் எடுத்த பால் மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் டி.டி.டி. எச்சம் இருந்தது. அத்தனை மாடும் மருந்தையா குடித்தது? தீவனம் வழியாக வந்தது.

ஈரமண்

நான் முதுகலை மாணவி, மண் நுண்ணுயிரியல். தூள் எங்கே போனது என்ற தலைப்புக்கு ஒரு பதில் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கடலூர் மாவட்டத்து வெள்ளாற்றுப் பாசனத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகமும் சேர்ந்து நெல்வயலில் எச்.சி.எச். போட்டு, அது போகிற வழியைக் காற்றிலும் தண்ணீரிலும் மண்ணிலும் அளந்தார்கள். 1991-இல் வெளியான முடிவு: போட்டதில் 99 விழுக்காட்டுக்கு மேல் காற்றில் ஏறிவிட்டது. ஆற்று வழியாகக் கழிமுகத்துக்குப் போனது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. நம் வெயிலும் வயல் தண்ணீரின் சூடும் சேர்ந்து ஆவியாக்கிவிடுகிறது. வெப்ப நாட்டில் போட்டது காற்றில் ஏறி, குளிர் நாட்டில் இறங்கும். ஒருநாளும் பூச்சிமருந்து அடிக்காத துருவப் பகுதி மக்களின் உடம்பில் இவை இருப்பதற்கு இது ஒரு காரணம்.

குளிர் நாட்டு மண்ணில் டி.டி.டி.யின் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறையும் காலம், 2 முதல் 15 வருடம் வரை என்பார்கள். நம் ஊரில் அதைவிட வேகமாகக் குறையும். ஆனால் அந்தக் குறைவு கடைசிவரை ஒரே வேகத்தில் போகாது. முதலில் சட்டென்று இறங்கும், பிறகு வால் நீளும். துணியில் பழங்கறை நூலுக்குள் இறங்கிவிடுவது போல, மீந்தது மண்துகளின் நுண்துளைக்குள்ளும் மட்கிலும் புகுந்து ஒளிந்துகொள்ளும். நுண்ணுயிர் எட்டாது, வெயில் எட்டாது. அந்த மிச்சம் மண்புழுவுக்கும் வேருக்கும்கூட முன்போல் எளிதில் கிடைக்காது என்பது ஒரு ஆறுதல்.

கழனிக்கு ஒரு நல்ல செய்தி. தண்ணீர் கட்டிய நெல்வயல் மண்ணில் காமா எச்.சி.எச். வேகமாகச் சிதைகிறது என்று 1966-லேயே பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டினார்கள். ஆல்ஃபாவும் போய்விடும். பீட்டாதான் முரண்டு பிடிக்கும். நம் வேலூர் விஐடி-யிலும் லிண்டேனை உண்ணுகிற ஈஸ்ட் வகைகளை மாசுபட்ட மண்ணிலிருந்து பிரித்தெடுத்திருக்கிறார்கள். குடுவையில் நன்றாக வேலை செய்கிறது. கொல்லையில் தூவிவிட்டு உட்காருகிற கட்டத்துக்கு அது இன்னும் வரவில்லை, அதனால் யாராவது புட்டியில் அடைத்து விற்க வந்தால் தரவு கேளுங்கள்.

பாலாற்றங்கரை

ஆம்பூர்ப் பக்கம் எங்கள் கதையையும் சொல்லியாக வேண்டும். பூச்சிமருந்து என்றால் கொல்லையில் அடிப்பது மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறோம். தோல் பதனிடும்போது பூஞ்சை பிடிக்காமலிருக்க பென்டாகுளோரோஃபீனால் போட்டார்கள். அதுவும் ஒரு பூஞ்சைக்கொல்லிதான். 1989 டிசம்பரில் ஜெர்மனி, கிலோவுக்கு 5 மி.கி.க்கு மேல் அது இருக்கிற தோல் வேண்டாம் என்று சட்டம் போட்ட பிறகுதான் இங்கே மாற்றம் வந்தது. எங்கள் கிணற்றுக்காக வரவில்லை, அங்கே செருப்புப் போடுகிறவர்களுக்காக வந்தது. அந்தத் தடைக்கு முன்னால் தொட்டியிலிருந்து வெளியே வந்த தண்ணீர் எங்கே போயிருக்கும்? பாலாற்று மணலுக்கும், அதை நம்பி இருந்த கழனிக்கும்.

உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, தோல் ஆலைப் பகுதியில் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையக் கணக்கை எடுத்துக் காட்டியது. எல்லாரும் உப்பையும் குரோமியத்தையும் பற்றித்தான் பேசினார்கள். அந்த மண்ணில் பென்டாகுளோரோஃபீனால் எவ்வளவு நின்றது, எங்கே போனது என்று எங்கள் ஊரில் யாரும் வந்து தோண்டிப் பார்த்ததை நான் காணவில்லை.

வாயுப்பிரிகை

பாலாற்றங்கரை சொன்னது முக்கியம். அந்தப் பொருளின் நடத்தை டி.டி.டி.க்கு நேர் எதிர். அது பலவீனமான அமிலம். உங்கள் பக்கம் மண் காரத்தன்மை உள்ளது, கழிவுநீரும் அப்படி. கார மண்ணில் அது அயனியாகி, மண்ணை விட்டுத் தண்ணீரோடு நடக்கத் தொடங்கிவிடும். எனவே அதை மேல்மண்ணில் தேடினால் கிடைக்காமல் போகலாம்; பழைய சேறு கொட்டிய குழியிலும், குழிக்குக் கீழ்ப்பக்கத்துக் கிணற்றிலும் தேடணும். காற்றில்லாத ஈர மண்ணில் நுண்ணுயிர்கள் குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றும், ஆனால் குரோமியமும் உப்பும் ஏறிக் கிடக்கிற மண்ணில் அந்த நுண்ணுயிர்கள் எந்த நிலையில் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். 2015-இல், நெடுநாள் அழியாத நச்சுப்பொருள்களைத் தடுக்க உலக நாடுகள் போட்ட ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டார்கள். பட்டியலில் சேர்வது உற்பத்தியை நிறுத்தும். பழைய குழியைத் தோண்டாது.

கொல்லைமேடு

மூன்று இடத்திலும் தனித்தனியாக எடுத்து அனுப்பினேன், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்க்கச் சொல்லி. சுருக்கமாக:

நடுக்கொல்லை: டி.டி.இ. தொட்டும் தொடாமலும். பீட்டா எச்.சி.எச். முன்பு போலவே.
கிழக்கு மூலை: டி.டி.இ. நடுக்கொல்லையைவிடப் பல மடங்கு. டையெல்ட்ரின் இல்லை என்று உறுதி செய்துவிட்டார்கள்.

பெரியவர் சொன்ன சுவர்தான். அம்மா கைகாட்டிய இடத்தில் மண்வெட்டி போட்டேன், உள்ளே இன்னும் வைக்கோல் கலந்த சுவர்க்கட்டி கிடைக்கிறது.

புரியாதது மூன்றாவது. மோட்டார் கொட்டாய் ஓரம், கைத்தெளிப்பான் கழுவி ஊற்றுகிற இடம். அங்கே டி.டி.டி. இருக்கிறது. அதுவும் ஆர்த்தோ-பாரா வடிவம்தான் அதிகம், பாரா-பாரா வடிவம் அதில் கால் பங்குகூட இல்லை. கடையில் வந்த டி.டி.டி.யில் ஆர்த்தோ-பாரா 15 விழுக்காடுதான் என்றீர்களே? இங்கே தலைகீழாக இருக்கிறதே?

வாயுப்பிரிகை

தம்பி, அப்பா காலத்தில் கத்திரியில் செஞ்சிலந்திப்பேன் வந்ததா? தென்னை இருக்கிறதா?

கொல்லைமேடு

தென்னை வரப்போரம் வரிசையாக இருக்கிறது. ஈரியோஃபைட் சிலந்தி வந்து காயெல்லாம் பழுப்பேறிச் சுருங்கிய காலம் எனக்கே ஞாபகம் இருக்கிறது. கத்திரியிலும் செம்பேன் வரும். அதற்கு ஏதோ ஒரு மருந்து, புட்டி கொட்டாய் பரணில் ரொம்ப நாள் கிடந்தது.

வாயுப்பிரிகை

அப்படியானால் டைக்கோஃபால். அதைச் செய்வதே டி.டி.டி.யிலிருந்துதான். ஆலையில் முழுதாக மாறாமல் மிஞ்சுகிற டி.டி.டி. அசுத்தமாகக் கூடவே வரும், அதில் ஆர்த்தோ-பாரா வடிவம் தூக்கலாக இருக்கும். பழைய டி.டி.டி. தூளில் பாரா-பாரா மேலே. டைக்கோஃபாலில் ஆர்த்தோ-பாரா மேலே. 1989-க்குப் பிறகு டி.டி.டி.யைக் கையாலும் தொடாத விவசாயி, சிலந்திப்பேன் மருந்து என்று நம்பி வாங்கியதில் டி.டி.டி.யும் சேர்ந்து வந்தது. இது உங்கள் அப்பா மேல் பழி இல்லை. சீட்டில் எழுதாததை அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? 2019-இல் ஸ்டாக்ஹோம் பட்டியலில் டைக்கோஃபால் ஏறியது. நம் நாட்டில் 2023-இல்தான் தடை செய்தார்கள்.

கொட்டாய் ஓரத்து மேல்மண்ணைக் கிணற்றுப் பக்கம் சரியவிடாதீர்கள். அங்கே வரப்பு உயர்த்திப் புல் வளருங்கள், அந்தப் புல்லை மாட்டுக்கு அறுக்காதீர்கள்.

மூத்தகழனி

எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நேரமா உறுத்துது. கோடையில ஏரி வத்தினா தாசில்தார்கிட்ட அனுமதி வாங்கி வண்டல் எடுத்து எல்லாரும் கொல்லைக்குப் போடறோம். அம்பது வருசமா மேல இருக்கிற கொல்லையெல்லாம் கரைஞ்சு அந்த ஏரிக்குத்தான் போச்சு. தூள் விழுந்த மண்ணும் அங்கதானே போயிருக்கும்?

வாயுப்பிரிகை

ஐயா, இந்த இழையிலேயே பெரிய கேள்வி இதுதான். டி.டி.இ. தண்ணீரில் கரைந்து ஏரிக்குப் போவதில்லை, மண்துகளில் ஒட்டிக்கொண்டு போகும். முதலில் கரைந்து ஓடுவது மெல்லிய களியும் மட்கும்தான். எச்சம் அதிகம் ஒட்டுவதும் அதில்தான். சரளை கொல்லையில் நிற்கும், எச்சம் சுமந்த நுண்மண் ஏரியின் ஆழமான பக்கம், மதகுக்கு உள்ளே போய்ப் படியும். அங்கே காற்றில்லை, வெளிச்சமில்லை. எச்.சி.எச். அந்தச் சேற்றில் ஓரளவு சிதைந்திருக்கும். டி.டி.டி. சேற்றுப் பாதையில் மாறி நிற்கும். டி.டி.இ.யாகவே வந்து சேர்ந்தது மெதுவாகத்தான் குறையும்.

வண்டல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நம் செம்மணலுக்கு அதைவிட நல்ல எரு இல்லை, அதன் மட்குச் சத்து எச்சத்தைப் பிடித்து வைத்துப் பயிருக்கு ஏறாமலும் தடுக்கும். ஆனால் இயற்கைச் சான்றுக்குப் போகிறவர்கள் வண்டல் அடிக்கும் முன்னால் ஒரு மாதிரி பார்த்தே ஆகணும். ஒரு ஏரிக்கு ஒன்று போதும், அந்த ஆயக்கட்டு முழுக்க அதை நம்பலாம்.

அங்காடி

அந்தச் செலவை ஒரு ஆள் தலையில் கட்ட வேண்டாம். எனக்கு எண்ணெய் கொடுக்கிறவர்கள் நாலைந்து ஊரில் இருக்கிறார்கள், எல்லாருக்கும் வண்டல் வேண்டும். ஏரிக்கு ஒரு மாதிரி என்று சேர்ந்து அனுப்புவோம், கடை ஒரு பங்கு போடும். முடிவைக் கடையில் எழுதி ஒட்டுகிறேன், நல்லதாக வந்தாலும் கெட்டதாக வந்தாலும். விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் போய், மண்வள அட்டையோடு வட்டாரத்துக்குச் சில மாதிரியாவது எச்சத்துக்குப் பார்க்க வழி உண்டா என்று எழுத்தில் மனு கொடுக்கிறேன். கொல்லைமேடு தம்பி, உங்கள் மல்லாட்டை எண்ணெய் முதல் ஆட்டல் எனக்கு வேண்டும். ஆய்வு முடிவு வந்த பிறகு.

கொல்லைமேடு

சரி அக்கா. கிழக்கு மூலையை மட்டும் மல்லாட்டையிலிருந்து விலக்கி, அங்கே சவுக்கு வைக்கப் போகிறேன். வண்டல் மாதிரி எப்படி எடுப்பது என்று சொல்லுங்கள் சார், இந்த வாரமே ஏரியில் இறங்கிவிடலாம், தண்ணீர் கரையை விட்டு விலகிவிட்டது.

வாயுப்பிரிகை

பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், கண்ணாடிச் சீசா அல்லது அலுமினியத் தாள். மதகுக்கு உள்பக்கம் ஆழமான இடத்தில் ஓர் அடி ஆழம் வரை ஐந்தாறு இடத்தில் எடுத்துக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைக் கழித்து, அரைக் கிலோ வரும்வரை குறைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காயவைக்கக் கூடாது, நிழலில் வையுங்கள்; ஈரமாகவே அனுப்புவதானால் ஐஸ் பெட்டியில். நீர்வரத்துக் கால்வாய் ஏரியில் சேருகிற வாய்ப்பக்கம் இன்னொரு மாதிரி தனியாக எடுங்கள். அங்கே கரடு மண் படியும், இரண்டையும் ஒப்பிட்டால் எச்சம் எதோடு போனது என்று தெரியும். சீசாவின் மேல் ஏரியின் பெயரும், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்பதும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஐஸ் தண்ணீரில் கரைந்துவிடும்.